இரண்டாவது வரியிலிருந்து

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஓர் அச்சகத்தின் மேல்மாடியில்தான் இந்தத் தொழிலைப் பழகினேன். 2003ஆம் ஆண்டு. கரையோர ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும். மேசைக்கு அடியில் மூன்று கணினிகள் மூடி கழற்றியபடி நிற்கும். அவற்றின் பக்கம் திருப்பி வைத்த மேசை மின்விசிறி இரவும் பகலும் சுற்றும். அவைதான் எங்கள் சேர்வர்கள். பத்துப் பதினைந்து சிறு வியாபாரிகளின் மின்னஞ்சலும் இணையத்தளங்களும் அந்த மூன்றையும் நம்பி இருந்தன. அவற்றைக் கவனித்தவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். அவர் அதிகம் பேசமாட்டார். விசைப்பலகையைத் தொடும் நேரத்தைவிடத் திரையைப் பார்க்கும் நேரம் அவருக்கு அதிகம்.

அந்த வருடம் ஆகஸ்ட் மாதம் சோபிக் என்ற மின்னஞ்சல் புழு உலகம் முழுவதும் பரவியது. எங்கள் மின்னஞ்சல் சேர்வரும் மூச்சுத் திணறியது. ஒரு கடிதம் அனுப்பக் கால் மணித்தியாலம் ஆனது. தொலைபேசி ஓயாமல் அடித்தது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத நான், எல்லாரும் செய்வதைத்தான் செய்யப் போனேன். என் கை ரீஸ்டார்ட் பொத்தானுக்குப் போவதற்குள் அண்ணை மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"பாக்கிறதுக்கு முதல் கை வைக்காதை தம்பி. நிப்பாட்டிப் போட்டா, என்ன நடந்ததெண்டு சொல்ல ஆளில்லை."

கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு 'வீஎம்ஸ்டட்' என்று அடித்து, பக்கத்தில் 5 என்ற இலக்கத்தையும் போட்டார். கறுப்புத் திரையில் ஒரு வரி இலக்கங்கள் விழுந்தன. நான் குனிந்து அதை வாசிக்கத் தொடங்கினேன்.

"அந்த வரியை விடு. அது மெஷின் போட்ட நாளிலயிருந்து இண்டைக்கு வரைக்குமான சராசரி. இப்ப என்ன நடக்குதெண்டு அடுத்த வரியிலதான் தெரியும்."

ஐந்து விநாடி கழித்து இரண்டாவது வரி வந்தது. பிறகு மூன்றாவது. ஒரு நிமிடத்துக்குப் பன்னிரண்டு வரி. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். ஏழாவது எட்டாவது வரியில் எனக்கே ஒன்று புலப்பட்டது. 'எஸ்ஐ', 'எஸ்ஓ' என்று தலைப்பிட்ட இரண்டு நிரல்களும் பூச்சியமாக இருக்கவேண்டியவை. அவை ஆயிரக்கணக்கில் ஏறி இறங்கின. நினைவகத்தில் இடமில்லாமல், லினக்ஸ் இயங்குதளம் நினைவகப் பக்கங்களைத் தூக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைப்பதும், வைத்ததை அடுத்த கணமே திரும்ப எடுப்பதுமாக இருந்தது. வந்து குவிந்த புழுக் கடிதங்களைச் சோதிக்க, வைரஸ் வடிகட்டி ஒரே நேரத்தில் இருபது பிரதிகளாக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணை அதை ஐந்தாகக் குறைத்தார். சேர்வர் நிமிர்ந்தது. ரீஸ்டார்ட் செய்திருந்தால் பத்து நிமிடம் நன்றாக ஓடி, மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றிருக்கும்.

இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன். அதற்குப் பிறகு படித்தவை எல்லாம் அந்த ஒரு நிமிடத்தின் விரிவுரைதான் என்று தோன்றுகிறது.

*

வீஎம்ஸ்டட் போன்ற கருவிகளில் ஊரறிந்தது 'டொப்'. எந்த வேலை சீபியூவை அதிகம் பிடிக்கிறதோ அதை மேலே ஏற்றி, சில விநாடிக்கு ஒருமுறை பட்டியலைப் புதுப்பித்துக் காட்டும். 1984இல் வில்லியம் லெஃபெவர் என்பவர் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இதை எழுதினார். விஎம்எஸ் என்ற வேறொரு இயங்குதளத்தில் இதுபோல ஒன்றைக் கண்டு, யூனிக்ஸுக்கும் வேண்டும் என்று செய்த வேலை. இன்று லினக்ஸில் நாங்கள் பாவிப்பது வேறு ஆட்கள் எழுதிய நிரல் என்றாலும் பெயரும் எண்ணமும் அவருடையவை. நிறம் பூசிய பட்டைகளோடு வரும் 'எச்டொப்' 2004இல் பிரேசில்காரரான ஹிஷாம் முகமது தொடங்கியது. கண்ணுக்கு இதமானது, இளம் பிள்ளைகள் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

இவை எதற்கும் தனியாக ஓர் உளவுக்கண் கிடையாது. லினக்ஸில் 'புரொக்' என்று ஓர் அடைவு இருக்கிறது. அதற்குள் இருக்கும் கோப்புகள் டிஸ்க்கில் இல்லை. நாம் திறந்து வாசிக்கும் கணத்தில் லினக்ஸின் கருவான கர்னல் தன் கணக்குப் புத்தகத்திலிருந்து எழுதித் தருகிறது. நினைவகக் கணக்கு ஒரு கோப்பு, சீபியூக் கணக்கு ஒரு கோப்பு, ஓடுகிற ஒவ்வொரு வேலைக்கும் அதன் இலக்கத்தில் ஓர் அடைவு. டொப் செய்வதெல்லாம் அவற்றை வாசித்து, முந்திய வாசிப்பைக் கழித்து, வித்தியாசத்தைக் காட்டுவதுதான். இதை விளங்கிய நாளில் எனக்குப் பெரிய ஆறுதல் வந்தது. இயந்திரம் எதையும் மறைப்பதில்லை. கேட்கிறவருக்கு எல்லாவற்றையும் வெறும் எழுத்தாகவே சொல்கிறது.

இதெல்லாம் இலவசமாக, எந்தப் பழைய கணினியிலும் ஓடுவது எங்கள் நாட்டுக்கு எவ்வளவு பெரிய விடயம் என்பதை 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பார்த்தேன். சுனாமி வந்த அடுத்த நாட்களிலேயே கொழும்பில் மென்பொருள்காரர்கள் தொண்டர்களாகக் கூடி, காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைப்படும் பொருட்கள் என்று பதிவு செய்யும் 'சஹன' என்ற கட்டற்ற மென்பொருளைக் கட்டத் தொடங்கினார்கள். நிவாரணம் என்பதற்கான சிங்களச் சொல் அது. லங்கா மென்பொருள் மன்றம் அதை வளர்த்தெடுத்தது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் அது போய் உதவியது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது. அந்த மென்பொருளில் நான் ஒரு வரியும் எழுதியவன் இல்லை. ஆனால் லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல், பிஎச்பி என்று அது நின்ற அதே நான்கு கால்களில்தான் எங்கள் மேல்மாடியின் மூன்று கணினிகளும் நின்றன. அவதி நேரத்தில் புதிய இயந்திரம் கப்பலில் வரும்வரை யாரும் காத்திருக்க முடியாது. கையில் இருப்பதுதான் சேர்வர். அதனால் எவ்வளவு தாங்கமுடியும் என்று பார்த்தறியத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். என் தொழிலை நான் மதிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

*

மதிக்கத் தொடங்கியவன்தான் பெரிய பிழையும் விட்டேன்.

2006இல் கொட்டாஞ்சேனைப் பக்கம் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையின் பில் சேர்வரை என் பொறுப்பில் தந்தார்கள். மாதக் கடைசி. பின்னேரம் நாலு மணிக்குக் காசாளர் அழைத்தார். "தம்பி, பில் போட ஏலாம இருக்கு. ஆட்கள் நிக்கிறாங்க, கொஞ்சம் கெதியாப் பாருங்க." போய் டொப்பைத் திறந்தேன். முதல் வரியில் மைஎஸ்க்யூஎல், 99 வீதம் சீபியூ. மேலே நிற்பவன்தான் குற்றவாளி என்று முடிவு கட்டினேன். நிறுத்தச் சொல்லிக் கேட்டேன், நிற்கவில்லை. 'கில்' கட்டளையை 9 என்ற இலக்கத்தோடு கொடுத்தேன். அந்த இலக்கம் கேட்பதில்லை, வெட்டிவிடும். திறந்திருக்கும் கோப்பை மூடி வைக்கக்கூட வேலைக்கு நேரம் கொடுக்காது.

உண்மையில் நடந்துகொண்டிருந்தது மாத முடிவுக் கையிருப்புக் கணக்கு. முதலாளியின் மகன் உள்ளறையிலிருந்து அதைத் தொடங்கியிருந்தார். இன்னும் இருபது நிமிடம் விட்டிருந்தால் தானாக முடிந்திருக்கும். நான் வெட்டியதில் கையிருப்பு அட்டவணை பழுதாகி, அதைத் திருத்தும் கட்டளை ஓடி முடிந்தபோது அன்றைய பகலின் பதிவுகள் பலவற்றைக் காணவில்லை. முதல் நாள் இரவுப் பிரதி இருந்தது. பகல் முழுவதுமான பில்களைக் காபன் கொப்பியைப் பார்த்து மறுபடியும் அடிக்கவேண்டி வந்தது. காசாளர் வாசிக்க வாசிக்க நான் அடித்தேன். புனித லூசியா பேராலயத்தின் காலை மணி கேட்டபோது கடைசிப் பில்லில் நின்றோம். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பிளேன்ரீ வாங்கித் தந்தார். அது இன்னும் வலித்தது.

அண்ணையிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"எவ்வளவு நேரம் பாத்தனீ?"

அரை நிமிடம்கூடப் பார்த்திருக்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: அந்த வேலை ஓரிடத்தில் சிக்கிச் சுற்றவில்லை, முன்னேறிக்கொண்டிருந்தது. யார் தொடங்கியது, எப்போது தொடங்கியது என்று இன்னொரு கட்டளை சொல்லியிருக்கும். டொப் வரிசைப்படுத்துவது உழைப்பை; குற்றத்தை அல்ல. கடினமாக உழைக்கும் ஒன்றைப் பிழை செய்வதாக எண்ணி வெட்டியது நான்.

அன்றைக்கே வெள்ளவத்தைச் சந்தைக்கு எதிரே ஒரு கடையில் எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். என் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொரு சேர்வருக்கும் ஒரு பக்கம். திங்கள் காலை பத்து மணிக்கு லோட் எவ்வளவு, சம்பள நாளில் எவ்வளவு, மாதக் கடைசியில் எவ்வளவு, இரவு ஒரு மணிப் பிரதியெடுப்பு எவ்வளவு நேரம் பிடிக்கும். சுகமாக இருக்கும் நாளின் நாடியைத் தெரியாத வைத்தியனுக்குக் காய்ச்சலும் தெரியாது. இப்போது எட்டாவது கொப்பி நடக்கிறது.

*

லோட் என்றேன். டொப்பின் தலைவரியில் மூன்று இலக்கங்கள் நிற்கும்: கடந்த ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம் ஆகியவற்றின் லோட் சராசரி. இந்த எண்ணம் டொப்பைவிடப் பழையது. 1970களில் டெனெக்ஸ் என்ற இயங்குதளத்திலேயே இருந்தது. மூன்றையும் சேர்த்து வாசிக்கவேண்டும். 8, 4, 2 என்றால் சுமை ஏறிக்கொண்டிருக்கிறது. 2, 4, 8 என்றால் பெருவெள்ளம் வடிந்துவிட்டது. நீங்கள் பிந்தி வந்திருக்கிறீர்கள்.

லோட் கூடினால் சீபியூ போதவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். லினக்ஸில் அப்படிச் சொல்லிவிட முடியாது. சீபியூவுக்காக வரிசையில் நிற்பவர்களை மட்டுமல்ல, டிஸ்க்கிலிருந்து பதில் வராமல் அசையமுடியாமல் காத்திருப்பவர்களையும் அது எண்ணுகிறது. 1993இல் செய்த ஒரு மாற்றம் இன்றுவரை அப்படியே இருக்கிறது. இதைப் பல வருடமாகப் பிள்ளைகளுக்கு விளக்கப் பாடுபட்டேன். 2022க்குப் பிறகு பாடுபடத் தேவையில்லாமல் போயிற்று. எரிபொருள் வரிசையில் நின்றிராத ஆள் கொழும்பில் இல்லை. பெற்றோல் செட்டிலிருந்து இரண்டு சந்தி தாண்டி வரிசை நீண்டிருக்கும். பம்ப் அடிப்பவரோ கதிரையில் சும்மா இருப்பார். அவருக்கு வேலை கூடி வரிசை நீளவில்லை, எரிபொருள் கொண்டுவரும் பவுசர் வரவில்லை. இன்னும் நாலு பம்ப் பூட்டினாலும் வரிசை குறையாது. லோட் 9, சீபியூ சும்மா, காத்திருப்பைக் காட்டும் 'டபிள்யூஏ' நிரலில் 80 என்று கண்டால் நடப்பது அதுதான். பம்பைப் பார்க்காதே, பவுசரைப் போய்ப் பார்.

செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் இதைக் கண்முன்னே கண்டேன். 2011 என்று நினைவு. பகலில் சரியாக ஓடும் சேர்வர் பின்னேரமானால் நின்று நின்று நகர்ந்தது. முதலாளி புதிய இயந்திரத்துக்கு விலை கேட்டு வைத்திருந்தார். சின்னத் தொகையில்லை. "தம்பி சொன்னா நாளைக்கே எடுத்திரலாம்" என்றார். ஒரு பிளேன்ரீக்கு நேரம் தாருங்கள் என்று கேட்டு, வீஎம்ஸ்டட் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதல் வரி வழக்கம்போல நல்ல பிள்ளை. பல மாதச் சராசரியில் எந்த நோயும் தெரியாது. மூன்றாவது வரியிலிருந்து 'பி' நிரலில் ஐந்து, ஏழு, ஆறு. காத்திருப்பவர்களின் எண்ணிக்கை அது. சீபியூ உழைத்தது நாலு வீதம்கூட இல்லை. வேலைகளின் பட்டியலை எடுத்தால் வரிசையாக 'டி' என்ற எழுத்து. அந்த நிலையில் இருக்கும் வேலையை 9ஆம் இலக்கம்கூட அசைக்காது. டிஸ்க் பதில் சொல்லும்வரை அதற்குக் காது கேட்காது. கர்னலின் குறிப்பேட்டைத் திறந்தேன். ஒரே டிஸ்க்கின் பெயரில் வாசிப்புப் பிழைகள், நிமிடத்துக்கு நிமிடம்.

டிஸ்க் ஒன்று செத்துக்கொண்டிருந்தது. பின்னேரத்தில் மட்டும் ஏன் என்றால், பின்னேரம்தான் பழைய அடகுக் கணக்குகளைத் தேடுவார்கள். பழுதான இடத்தில் இருந்தவை அந்தப் பழைய பதிவுகள். இரவோடு இரவாகப் புதிய டிஸ்க்குக்கு மாற்றினோம். அதே சேர்வர் இன்னும் நாலு வருடம் உழைத்தது. முதலாளி சந்தோசப்பட்டது மிச்சமான பணத்துக்கு. நான் சந்தோசப்பட்டது வேறொன்றுக்கு: இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் அந்தப் பதிவுகள் போயிருக்கும். அடகு வைத்த ஒவ்வொரு தாலிக்கொடிக்கும் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது.

*

நினைவகத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடமுடியாது, ஏனென்றால் பயப்படத் தேவையில்லாத இடத்தில் எல்லாரும் பயப்படுவது இங்கேதான். 'ஃபிரீ' என்று அடித்தால் எட்டு ஜிகாபைட்டில் இருநூறு மெகாபைட்தான் வெறுமையாக இருக்கிறது என்று காட்டும். உடனே நினைவகம் முடிந்துவிட்டது என்று பதறுவார்கள். ஒரு தனியார் கல்வி நிலையத்தில் எனக்கு முன் இருந்தவர், மணிக்கு ஒருமுறை பதுக்கு நினைவகம் முழுவதையும் துடைத்தெறியும் கட்டளையையே தானியங்கியாக வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு மணிக்கும் சேர்வர் இரண்டு நிமிடம் தடுமாறும். காரணம் தெரியாமல் பிள்ளைகள் இணைய இணைப்பைத் திட்டினார்கள்.

லினக்ஸ் ஒரு தடவை டிஸ்க்கிலிருந்து எடுத்ததை, மறுபடி கேட்பார்கள் என்று வெறுமையான நினைவகத்தில் பதுக்கி வைத்துக்கொள்கிறது. யாருக்காவது இடம் தேவைப்பட்டால் அதை உடனே விட்டுக்கொடுக்கும். கல்யாண வீட்டில் வெறும் கதிரையில் பையை வைத்திருப்பதுபோல. ஆள் வந்தால் பையை எடுத்துவிடலாம். பார்க்கவேண்டியது வெறுமையான இடத்தை அல்ல, 'அவெயிலபிள்' என்ற நிரலை. உண்மையில் எவ்வளவு கொடுக்கமுடியும் என்ற அந்தக் கணக்கைக் கர்னலே சொல்லத் தொடங்கியது 2014இல்தான். அதற்கு முன் நாங்கள் மனக்கணக்குப் போட்டோம். அந்தத் தானியங்கிக் கட்டளையை எடுத்துவிட்டேன். மணிக்கு ஒருமுறை வந்த தடுமாற்றம் அன்றோடு போயிற்று. எஸ்ஐ, எஸ்ஓ என்ற ஸ்வொப் நிரல்கள் தொடர்ந்து அசைந்தால்தான் நினைவகம் போதவில்லை என்று பொருள். அசையாத ஸ்வொப்பில் ஒரு ஜிகாபைட் கிடந்தாலும் பயமில்லை.

இந்தக் கருவிகள் சொல்லாததும் உண்டு. வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட இருக்கும் அறைகளில் உப்புக்காற்று மின்விசிறியின் அச்சைத் தின்றுவிடும். விசிறி மெதுவாகும், சீபியூ சூடாகும், தன்னைக் காப்பாற்றத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டொப்பில் வழக்கமான வேலைகள்தான் நிற்கும். ஆனால் எல்லாம் நேற்றையைவிட அதிக நேரம் எடுக்கும். 'சென்சர்ஸ்' கட்டளையில் வெப்பநிலையைப் பார்த்தால்தான் பிடிபடும். இல்லாவிட்டால் இயந்திரத்தின் பக்கத்தில் கையை வைத்துப் பார்க்கவேண்டும். அண்ணை காலையில் வந்ததும் முதலில் செய்வது அதைத்தான். மூன்று பெட்டிகளுக்கும் பின்னால் புறங்கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்ப்பார். திரைக்கு முன் உட்காருவது அதற்குப் பிறகு.

*

2020 ஒக்டோபரில் கொட்டாஞ்சேனையை முடக்கினார்கள். கொரோனா. எங்கள் வீட்டு ஒழுங்கையிலிருந்து வெளியே காலடி வைக்கமுடியாது. வழக்கமாக 155ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போய்ப் பார்க்கும் சேர்வர்கள் எல்லாம் இப்போது டொங்கிள் ஒன்றின் மறுமுனையில் இருந்தன. அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்கு இணையவழி வகுப்பு; மாலையில் டொங்கிள் சொட்டுச் சொட்டாகத்தான் கசியும். படங்களும் வரைபுகளும் கொண்ட கட்டுப்பாட்டுப் பக்கங்கள் பாதியில் நின்றுவிடும். கறுப்புத் திரை வரும். எழுத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்? டொப் புதுப்பிக்கும் இடைவெளியைப் பத்து விநாடியாக்கினேன். ஒரு திரை நிறைய எழுத்து வந்து சேரச் சில கிலோபைட் போதும். அந்தக் கல்வி நிலையத்தின் வகுப்புகள் ஒரு நாளும் நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வீதி வெறுமையாகக் கிடக்க, உள்ளே அந்தச் சின்ன இலக்கங்கள் ஏறி இறங்குவதில் இருநூறு வீட்டுப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

பிறகு 2022. மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. யூபிஎஸ் பற்றரி முழுதாக ஏறுவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். ஜெனரேற்றர் உண்டு, டீசல் இல்லை. இந்தக் காலத்தில் எனக்குத் துணை நின்றது 'சார்' என்ற கட்டளை. பிரான்ஸைச் சேர்ந்த செபஸ்தியான் கொடார் பராமரிக்கும் 'சிஸ்ஸ்டட்' தொகுப்பில் வருவது. டொப் இந்தக் கணத்தைக் காட்டும். சார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வைத்து, நேற்றையதையும் போன வாரத்தையும் காட்டும்.

அந்த நாட்களின் சார் பதிவுகளில் ஒரு மாதத்தை அச்சடித்து எட்டாவது கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். இலக்க வரிசை ஓடிக்கொண்டிருக்கும். திடீரென வெறுமை. அதன் பிறகு 'லினக்ஸ் ரீஸ்டார்ட்' என்று ஒரு வரி, நேரத்தோடு. மறுபடி இலக்கங்கள். மறுபடி வெறுமை. ஒரே நாளில் மூன்று தடவை. மின்சாரம் எப்போது போனது, யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கியது, எப்போது வந்தது என்று எல்லாம் அதில் இருக்கிறது. வேறொன்றும் இருந்தது: மின்சாரம் வந்த பிறகும் இரண்டு மணித்தியாலம் சேர்வர் ஊர்ந்தது. காத்திருப்பு நிரல் 60க்கு மேல். சொல்லாமல் கொள்ளாமல் அணைந்ததால், சோடியாக வைத்திருந்த இரண்டு டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று சரிதானா என்று முழுவதையும் ஒத்துப்பார்த்துக்கொண்டிருந்தன. கடைக்காரருக்கு மின்சாரம் கிடைத்த அந்தக் கொஞ்ச நேரத்தை இந்த ஒத்துப்பார்ப்பு தின்றது.

பதிவைக் கண்ட பிறகு செய்யவேண்டியது இலகுவாயிற்று. யூபிஎஸ்ஸில் பத்து நிமிடம் மிச்சம் இருக்கும்போதே சேர்வர் ஒழுங்காகத் தன்னை மூடிக்கொள்ளும்படி வைத்தேன். ஒழுங்காக மூடினால் ஒத்துப்பார்ப்பு இல்லை. மின்சாரம் வந்த இரண்டாவது நிமிடம் பில் போடலாம். அதுவரை "கரண்ட் வந்தும் கணினி வேலை செய்யுதில்லை" என்று நொந்தவர்கள் அடுத்த வாரம் அழைக்கவே இல்லை. அந்த ஏப்ரலில் வீதியெங்கும் கோபமும் களைப்புமாக இருந்தது. நாட்டை நான் ஒன்றும் செய்துவிட முடியாது. ஒரு கடையின் இரண்டு மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது.

*

அண்ணை இப்போது பிள்ளைகளோடு கனடாவில். மேல்மாடி அறை இன்னும் இருக்கிறது. மூன்று பெட்டிகளின் இடத்தில் ஒரேயொரு சேர்வரும், வேறெங்கோ வாடகைக்கு எடுத்த மெய்நிகர் இயந்திரங்களும். வாடகை இயந்திரத்தில் 'எஸ்டி' என்று ஒரு நிரலையும் புதிதாகப் பார்க்கப் பழகிக்கொண்டேன்: நமக்குச் சேரவேண்டிய சீபியூ நேரத்தில் எவ்வளவு வேறொரு குடித்தனக்காரருக்குப் போனது என்று அது சொல்லும்.

போன வருடம் இங்கே வேலைக்குச் சேர்ந்த பிள்ளை கெட்டிக்காரி. முதல் வாரத்திலேயே அவள் கை ரீஸ்டார்ட் கட்டளைக்குப் போனது. நான் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. அண்ணையின் வசனத்தை மட்டும் சொன்னேன். கொப்பிகளைக் காட்டினேன். 2006ஆம் ஆண்டின் முதல் பக்கத்தையும் மறைக்காமல் காட்டினேன், கொட்டாஞ்சேனைக் கடையின் கதையோடு.

சில வாரத்துக்கு முன் இரவு பதினொன்றரைக்கு அழைத்தாள். கல்வி நிலையத்தின் சேர்வர் இழுக்கிறது, பிள்ளைகள் பரீட்சைத் தாள் ஏற்ற முடியாமல் நிற்கிறார்கள். நான் சேட்டை மாட்டிக்கொண்டே கேட்டேன்: "என்ன பாத்தீங்கள்?"

"வீஎம்ஸ்டட் போட்டு ரெண்டு நிமிஷமா இருக்கிறன் சேர். முதல் வரியை விட்டிட்டன். பத்தாவது வரியிலயிருந்து எஸ்ஓ ஏறுது. கொப்பியில இருக்கிற வியாழக்கிழமை லோட்டைவிட மூண்டு மடங்கு. பிடிஎஃப் மாத்திற வேலை பதினாறு பிரதி ஓடுது. நாலாக் குறைக்கவா?"

குறையுங்கள் என்றேன். தொலைபேசியை வைக்காமல் இருவரும் காத்திருந்தோம். மறுமுனையில் அவள் வரிகளை வாசித்துச் சொன்னாள். எஸ்ஓ ஆயிரத்து இருநூறு. எண்ணூறு. அறுபது. பூச்சியம். அடுத்த வரியும் பூச்சியம்.

சேட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.